கையால் மட்டும் முடுக்கிய போல்ட்டுகள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்ததிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் தன் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. சாரம் அவ்வளவுதான். இதைப் படித்ததும் என் வீட்டுக் கார் கொட்டகையில் நடப்பது சட்டவிரோதம் என்று முடிவு செய்து சற்று நிம்மதியடைந்தேன். பிறகு பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் எண் இருந்தது, சேசிஸ் எண் இருந்தது, நிறமும் இருக்கைகளின் எண்ணிக்கையும் இருந்தன. எஞ்சின் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. போன நிம்மதி திரும்பவில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கோப்புகளைக் கட்டி வண்டியில் ஏற்றி இறக்கியவர்களில் நானும் ஒருவன். எந்த விஷயத்துக்கு எந்தப் பிரிவில் மனு கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விதியில் பிடி கிடைக்காத ஒன்றைக் கண்டு நான் பயந்தது பணிக் காலத்தில் நடந்ததில்லை. அப்போதெல்லாம் பயப்படுவது மேசைக்கு எதிரே நிற்பவருடைய வேலையாக இருந்தது.

என் மகள் இயந்திரப் பொறியாளர். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறாள்; பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்தே போய்வருகிறாள். ஒரே பெண். கல்யாணப் பேச்சை எடுத்தால் கொட்டகைக்குப் போய்விடுவாள். அதனால் கொட்டகையில் நிறைய வேலை நடந்தது. டர்போ எஞ்சின் வைத்த சின்னக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, யாரையோ பிடித்து அதன் கணினியைத் திருத்தி, கம்பெனி கொடுத்ததைவிட அதிக வேகம் பிடிக்கும்படி செய்திருந்தாள். கோயம்புத்தூர் பக்கம் பந்தயத் தளத்தில், கார்களை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்க்கும் போட்டி ஒன்று உண்டாம். அதில் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, உள்ள உக்காந்து ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துப் போட்டு, கிளட்ச்ச லேசா விட்டு ஆக்சிலேட்டர மிதிங்க. எஞ்சின் எப்படி எந்திரிக்குதுன்னு பாக்கணும்.”

“நீ எங்க நிப்ப?”

“முன்னாடிதான்.”

“நான் மிதிக்க மாட்டேன்.”

கடைசியில் அவள் உள்ளே உட்கார்ந்தாள். நான் பக்கவாட்டில், தூண் மறைவில் நின்று பார்த்தேன். அவள் மிதித்ததும் எஞ்சின் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. ஊசி போட வருகிறார்கள் என்று தெரிந்து கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்க்கும் நோயாளி மாதிரி இருந்தது. விட்டதும் ‘தொப்’ என்று விழுந்தது. இத்தனை வருஷம் கார்களில் போயிருக்கிறேன். முன்னால் இப்படி ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு வரப் பார்க்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்த அந்தக் கனத்தை மூன்று இடங்களில் ரப்பர் வைத்த தாங்கிகள் பிடித்திருக்கின்றன என்று விளக்கினாள். மவுண்ட் என்று பெயர். ரப்பர் அமுங்குவதால் எஞ்சின் ஆடுகிறது, கியர் சரியாக விழவில்லை, சக்கரத்துக்குப் போக வேண்டிய விசை பாதி ஆட்டத்திலேயே போய்விடுகிறது. ஆகவே ரப்பரை எடுத்துவிட்டு, இறுக்கமான மவுண்டுகளைத் தானே செய்யப் போகிறாள்.

“கம்பெனிக்காரன் தெரியாமயா ரப்பர் போட்டான்?” என்றேன்.

“அவன் நீங்க ஓட்டறதுக்குப் போட்டாம்ப்பா.”

வேலை தொடங்கியது. என் பணி நிறைவு விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் அட்டைப்பெட்டியை வெட்டித்தான் தகடுக்கு அளவெடுத்தாள். கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. பெட்டியாவது ஓடும் பொருளுக்கு உதவியது. அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடைகளில் அலைந்து, ரப்பரைவிடக் கெட்டியான ஒருவகை மஞ்சள் பிளாஸ்டிக் உருளையை வாங்கி வந்தாள். லாரியின் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் போடுகிற சரக்காம். அதை லேத்தில் கொடுத்துக் கடைந்து, கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, கொட்டகையிலேயே வெல்டிங் வைத்தாள். அவள் பொறி பறக்கவிடும் போதெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறி மூச்சு வாங்கும்.

“ஏண்டி, மாவு பாதியில நிக்குது. உன் இரும்ப அப்புறம் ஒட்டு,” என்று என் மனைவி சமையலறையிலிருந்து கத்துவாள்.

“இன்னும் ஒரே ஒரு ஒட்டும்மா!”

அந்த ஒரே ஒரு ஒட்டு முடிய மாலையாகிவிடும்.

பழைய மவுண்டுகளைக் கழற்றிய அன்று நான் கொட்டகைக்குப் போயிருக்கக் கூடாது. ஒரு ஜாக்கி, அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் எஞ்சின். வேறு பிடிமானம் கிடையாது. அதற்குக் கீழே கையை விட்டு என் மகள் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். நான் பேசினால் ஜாக்கி இறங்கிவிடுமோ என்று பேசாமல் நின்றேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் கெட்டது. வேகமாகப் போகும்போது மவுண்ட் உடைந்தால் என்ன ஆகும் என்று செல்போனில் தேடினேன். தேடக் கூடாது. எஞ்சின் சாயும், சக்கரத்துக்குப் போகும் தண்டு கழன்றுகொள்ளும், வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது என்று ஊர் பேர் தெரியாதவர்கள் படத்தோடு விளக்கியிருந்தார்கள்.

“உன் வெல்டிங் விட்டுப்போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“விடாதுப்பா.”

“எழுதிக் குடுப்பியா?”

“ஆபீஸ் புத்தி போகுதா பாருங்க!”

முதல் தடவை செய்தது ரொம்பவும் கெட்டியாகிவிட்டது. வண்டியைக் கிளப்பியதும் கண்ணாடியில் தெரிந்த தெருவே நடுங்கியது. என் மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

“மிக்ஸி ஜார்ல உக்காந்த மாதிரி இருக்குடி. பல்லெல்லாம் ஆடுது.”

“உனக்கு ஏற்கெனவே ஆடுதுல்லம்மா.”

“இந்த வாயிக்கு எவன் நம்ம வூட்டுல பொண்ணு எடுப்பான்?”

உடனே மகள் கொட்டகைக்குப் போய்விட்டாள். கொஞ்சம் மென்மையான உருளையை வாங்கி, மறுபடியும் கடைந்து, இரண்டாவது செட்டைச் செய்து முடிக்கவும் ஆயுத பூஜை வரவும் சரியாக இருந்தது.

பூஜையன்று மதியம் அவள் புது மவுண்டுகளைப் பொருத்திவிட்டாள். போல்ட்டுகளை மட்டும் இறுக்கவில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கையால் முடுக்கி விட வேண்டும். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டால் அது தனக்குத் தோதாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு டார்க் ரெஞ்ச் என்ற நீண்ட ஸ்பேனரால் இறுக்க வேண்டும். குறித்த இறுக்கம் வந்ததும் அது ‘டிக்’ என்று சொல்லும். எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, கை கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் என் மனைவி வந்து கொட்டகையிலிருந்த ஆயுதங்கள் அனைத்தையும் அள்ளிக்கொண்டு பூஜையறைக்குப் போய்விட்டாள். ஸ்பேனர், சுத்தியல், கிரைண்டர், டார்க் ரெஞ்ச், எல்லாம்.

“அம்மா, அது ஒண்ண மட்டும் குடு. அஞ்சு நிமிஷ வேலை.”

“சந்தனம் வச்சாச்சு. இனிமே நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். ஒரு நாள் ஆயுதத்துக்கு லீவு விட்டா உன் காரு அழுவுமா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். இந்த வீட்டில் என் கையெழுத்து செல்லாத துறை அது.

“சரி, நாளைக்குத்தானே,” என்றாள் மகள். காரையும் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டாள். பூ வைத்த காரைப் பார்த்தால் யாருக்கும் அது முடிந்த வேலை என்றுதான் தோன்றும்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பால் வாங்கக் கடைத்தெரு வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. வாசலில் எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. கொட்டகை காலி. செல்போனில் மகளின் செய்தி இருந்தது: அரியலூரில் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். என் மனைவியின் அக்கா அவர். தனியாக இருப்பவர். பாவம் என்று நினைத்துக்கொண்டே என் சாவியால் கதவைத் திறந்தேன்.

பூஜையறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாழையிலையில் டார்க் ரெஞ்ச் இருந்தது. குங்குமம் கலையவில்லை. மேலே வைத்த மல்லிகை நழுவக்கூட இல்லை.

சில நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் செல்போனை எடுத்தேன்.

மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் என் பேச்சைக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். மனைவியைக் கூப்பிட்டேன். அவளுடைய போன் சமையலறை அலமாரியில் அடித்தது. “போல்ட் இறுக்கவில்லை. உடனே நிறுத்து” என்று மகளுக்கு அனுப்பினேன். செய்தி போய்ச் சேர்ந்தது. படிக்கப்படவில்லை.

இலையிலிருந்து ரெஞ்சை எடுத்துத் துண்டில் சுற்றினேன். மொபெட்டை எடுத்தேன். போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். வண்டி எண்ணைக் கேட்பார்கள், சொல்வேன். என்ன குற்றம் என்று கேட்பார்கள். குற்றம் இல்லை, எஞ்சின் கையால் முடுக்கிய போல்ட்டுகளில் தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். எந்த வாக்கியமும் மனுவுக்குள் அடங்கவில்லை.

அரியலூர் சாலையை எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஒன்றையொன்று துரத்தும். அன்று எல்லா லாரிகளும் பூஜை முடித்து, முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளைகள் மாதிரி வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது என் மொபெட் ஓரமாகத் தள்ளப்பட்டது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாலையில் கிடந்த சிவப்புதான் என்னைக் கொன்றது. பட்டறைகள், எடை மேடைகள், டயர் கடைகள், எல்லார் வாசலிலும் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தார்ச்சாலையில் சிவப்பாகப் பரவிக் கிடக்கும். நெருங்கி, அது பூசணிக்காய் என்று தெரிந்து, மூச்சு விடுவதற்குள் அடுத்தது தெரியும். எங்காவது நாலு பேர் கூடி நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் சாலையோரம் சாய்ந்து நின்றது. மகளுடையதும் வெள்ளைதான். பக்கத்தில் போனால், இறங்கிப் பொரி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம்.

“என்னங்க சார், பெட்ரோலா?” என்றார் அந்த ஆள். நான் மொபெட்டை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன். இன்றைக்கும் அந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று தோன்றும்.

பேரளி தாண்டிய பிறகு, ஒரு புளியமரத்தடியில் பானெட் திறந்தபடி நின்றது அவள் கார். என் மனைவி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, மாலையிலிருந்து உதிர்ந்த பூவைக் கையில் வைத்திருந்தாள். மகள் எஞ்சினுக்குள் குனிந்திருந்தாள். இருவரும் முழுசாக இருந்தார்கள். மொபெட்டை ஸ்டாண்டு போடத் தோன்றவில்லை; அது சாய்ந்து விழுந்தது.

“லாரிய ஓவர்டேக் பண்றப்ப ‘டொக்’னு ஒரு சத்தம்ப்பா,” என்றாள் மகள், நிமிராமலே. “கியர் விழல. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அப்படியே ஓரங்கட்டிட்டேன். ஒரு போல்ட்டு பாதி வெளிய வந்துட்டுது. இங்க பாருங்க.”

நான் பார்க்கவில்லை. லாரியை ஓவர்டேக் செய்யும்போது என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எதிரில் என்ன வந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. துண்டைப் பிரித்து ரெஞ்சை நீட்டினேன்.

“ஐயய்யோ!” என்றாள் என் மனைவி. “மறுபூஜை போடாமயா எடுத்துட்டு வந்தீங்க?”

நான் முப்பத்தைந்து வருஷம் அரசு ஊழியம் பார்த்தவன். எதற்கும் சத்தமாகப் பேசியதில்லை. அன்று பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. என் மனைவி கையிலிருந்த பூவை ரெஞ்சின் மேல் வைத்து, கண்ணை மூடி, எடுத்து மகளிடம் கொடுத்தாள். மறுபூஜை முடிந்தது. மகளின் கை நடுங்கியதை அப்போதுதான் கவனித்தேன். முதல் இரண்டு முறை ரெஞ்ச் போல்ட்டின் தலையில் உட்காரவில்லை. பிறகு ‘டிக்’. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டிக்’.

மனைவியை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவளுடைய அக்காவுக்கு இடுப்பில் பிசகுதான், எலும்புக்குச் சேதமில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மகள் காரை மாட்டு வண்டி வேகத்தில் வீட்டுக்கு ஓட்டினாள். நான் பின்னாலேயே மொபெட்டில், கீழே எதுவும் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: “அந்தப் பழைய ரப்பரையே போடு.”

“தப்பு மவுண்டுல இல்லப்பா. முடுக்காதது தப்பு. அது என் தப்பு.”

“எதுவா இருந்தாலும் போடு.”

“சட்டத்துல கூடாதுன்னு இருக்கா? எழுத்துல வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே கழட்டிடறேன்.”

என்னிடம் இப்படிச் சொல்லலாமா? அன்று பிற்பகலே மனு எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. அதில் இருக்கிற தகவலைத்தான் கேட்கலாம், கருத்தைக் கேட்க முடியாது. ஆகவே சாதாரணத் தெளிவுரை கோரும் மனு. மேலே ‘பார்வை’ என்ற இடத்தில் பிரிவு 52. வீட்டில் தயாரித்த எஞ்சின் மவுண்ட் மாற்றியமைத்தல் ஆகுமா, ஆகாதா? எந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்களும் என்னைப் போன்றவர்கள்தான். மனு எந்த மேசையில் எத்தனை நாள் படுத்திருக்கும், யார் யாரிடம் தள்ளுவார்கள் என்று எனக்கு மனக்கண்ணில் தெரிந்தது. நானே எத்தனையோ மனுக்களை அப்படிப் படுக்கப் போட்டிருக்கிறேன். முதல் நினைவூட்டு அனுப்பினேன், இரண்டாவதும் அனுப்பினேன். பொங்கலும் போய்விட்டது.

அதற்குள் நானும் சும்மா இருக்கவில்லை. கருவூலத்தில் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் ஒரு பைசா வெளியே போகாது. அதே முறையை என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பிறகு, அதன் தலையிலிருந்து தகடு வரைக்கும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடையும். வண்டி வாசலைத் தாண்டும் முன் நான் டார்ச் அடித்துக் கோடுகளைப் பார்க்க வேண்டும். “செக்போஸ்ட்ல கூட இவ்ளோ தொல்லை இல்ல,” என்று முனகுவாள் மகள். ஆனாலும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கோடு ஒரு நாளும் உடையவில்லை. என் பயமும் உடையவில்லை. கோட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், பார்த்தது சரிதானா என்ற சந்தேகம் வந்துவிடும்.

அவள் கோயம்புத்தூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் போட்டி. அந்தச் சனிக்கிழமை முற்பகலில் தபால்காரர் வந்தார். உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பழுப்பு நிறத்தோடு வாழ்ந்தவன் நான். மேற்படி பாகம் பதிவுச் சான்றின் விவரங்களில் அடங்காது என்றும், எனினும் வாகனத்தின் பாதுகாப்பு உரிமையாளரின் பொறுப்பு என்றும் இருந்தது. நானே எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லாதபடி, சுத்தமாக.

மகளைக் கூப்பிட்டேன். பின்னால் கார்களின் இரைச்சல் கேட்டது.

“பதில் வந்துருச்சு,” என்றேன்.

“இன்னிக்கா? சரி, என்னவாம்? ஓட்டக் கூடாதாமா?”

“அப்படிச் சொல்லல.”

“ஓட்டலாமாமா?”

“அப்படியும் சொல்லல.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “நீங்க சொல்லுங்கப்பா. அடுத்து என் வண்டிதான். வேணாம்னா இப்பவே விலகிக்கிறேன். சத்தியமா.”

இதற்கு விதி ஏதும் இல்லை. மேலதிகாரி இல்லை. கோப்பைத் தள்ளிவிட அடுத்த மேசையும் இல்லை. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. புளியமரத்தடியில் நடுங்கிய அந்தக் கையும் நினைவுக்கு வந்தது, அதற்குப் பிறகு அது சரியாக உட்கார வைத்த ரெஞ்சும் நினைவுக்கு வந்தது.

“கோடு பாத்தியா?”

“பாத்துட்டேன். எல்லாம் நேரா இருக்கு. இன்னொருத்தர விட்டும் பாக்கச் சொன்னேன்.”

“அப்ப ஓட்டு,” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மனைவி சோறு போட்டாள், அப்படியே இருந்தது. “போன்ல அவளா? என்ன சொன்னா?” என்று கேட்டாள். சொல்லவில்லை; வீட்டில் ஒருவர் பயந்தால் போதும். வெயில் இறங்கிய பிறகு போன் அடித்தது.

“முடிஞ்சிருச்சுப்பா. எட்டாவதா வந்தேன். நானும் நல்லா இருக்கேன், காரும் நல்லா இருக்கு.”

“நாளைக்குப் பகல்லயே கிளம்பி மெதுவா வா,” என்றேன்.

மேசையில் அந்தப் பழுப்பு உறை கிடந்தது. வந்த தபாலில் தேதி குறிக்காமல் அரை நாள் வைத்திருந்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. பேனாவை எடுத்தேன். இடது மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 21.